ஹாலே நகரின் ஹேண்டல் இசை விழா: ஒரு நிகழ்வு ஆய்வு

ஜெர்மனியின் சாக்ஸனி-அன்ஹால்ட் மாநிலத்தில் சாலே ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஹாலே நகரம், ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூன் வரை ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு கியோர்க் ஃப்ரீட்ரிஷ் ஹேண்டலின் பெயரால் இசை விழா எடுக்கிறது. அந்த நாட்களில் நகரத்தின் தேவாலயங்களிலும் அரங்குகளிலும் முற்றங்களிலும் அவருடைய ஓபராக்களும், நடிப்பின்றிப் பாடப்படும் இசை நாடகங்களான ஆரட்டோரியோக்களும், ஆர்கன் இசையும் ஒலிக்கின்றன. கூடவே ஆய்வரங்கும் நடக்கிறது. ஒரு பெரிய இசையமைப்பாளருக்கு அவர் பிறந்த ஊர் விழா எடுப்பது இயல்புதான். ஆனால் ஹாலேயின் நிலை அவ்வளவு எளிதானதன்று. ஹேண்டல் பதினெட்டு வயதில் இந்த ஊரைவிட்டுப் போய்விட்டார். அவருக்குப் புகழ் தேடித்தந்த படைப்புகளில் ஒன்றுகூட இங்கே எழுதப்பட்டதில்லை. 1727 இல் அவர் பிரிட்டன் குடியுரிமை பெற்றார். 1759 ஏப்ரல் 14 அன்று லண்டனில் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டார். பக்கத்து நகரமான லைப்சிக், இசையமைப்பாளர் பாக்கைத் தன்னவர் என்று சொல்வதற்கு, அவர் 1723 முதல் 1750 இல் இறக்கும் வரை அங்கே பணியாற்றியதே போதுமான காரணமாக இருக்கிறது. ஹாலேக்கு அப்படியொரு காரணம் இல்லை.

அப்படியிருந்தும் இன்று ஹேண்டல் இசையைப் பற்றிப் பேசுவோர் லண்டனை விட்டால் அடுத்துச் சொல்லும் பெயர் ஹாலேதான். பிறப்புரிமை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஊர் இந்த இடத்துக்கு வந்துவிட முடியாது. ஓபரா மேடை, அவர் பிறந்த வீடு, அவருடைய படைப்புகளின் செம்பதிப்பு ஆகிய மூன்றையும் ஹாலே ஒரே ஊருக்குள் சேர்த்து வைத்தது. அதனால் ஒரு தலைமுறை ஹேண்டலைத் தவறாகப் புரிந்துகொண்டபோது அடுத்த தலைமுறை அதைத் திருத்திக்கொள்ள வழி பிறந்தது. இந்த விழாவின் வரலாற்றை நான் வாசிக்கும் முறை இதுதான். அதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. வெட்கப்பட வேண்டிய ஒரு பகுதியும் இருக்கிறது.

ஓபரா இல்லாத ஊர்

ஹேண்டல் 1685 பிப்ரவரி 23 அன்று பிறந்தார். தந்தை கியோர்க் ஹேண்டல் அந்தக் கால வழக்கப்படி நாவிதத்தையும் அறுவை மருத்துவத்தையும் சேர்த்துச் செய்தவர். வைஸன்ஃபெல்ஸ் பிரபுவின் அரசவை மருத்துவராகவும் இருந்தார். தாய் டோரதியா, கீபிஷென்ஷ்டைன் போதகரின் மகள். பிறந்த மறுநாள் சந்தைச் சதுக்கத்துத் தேவாலயத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. 1430 இல் வார்க்கப்பட்ட வெண்கலத் தொட்டி அந்தத் தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது. பலிபீடத்துக்கு மேலே 1660களில் ரைஷெல் செய்த சிறிய ஆர்கனும் இருக்கிறது. தேவாலயத்தின் ஆர்கன் இசைஞர் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் சாஹோவிடம் சிறுவன் ஹேண்டல் பாடம் கேட்டபோது ஒலித்த கருவி அது. அதன் சுருதி அமைப்பு பழைய முறையைச் சேர்ந்தது. சில ஸ்வரக் கூட்டங்கள் அதில் மிகத் தூய்மையாகவும், வேறு சில முரட்டுத்தனமாகவும் கேட்கும். விழா நாட்களில் அந்த ஆர்கனுக்கு எதிரே அமர்ந்து கேட்பவர், ஹேண்டலின் காது எந்த ஒலியில் பழகியது என்பதை விளக்கவுரை இல்லாமலே உணர்ந்துகொள்ளலாம். வேறெந்த ஹேண்டல் விழாவாலும் தர முடியாத அனுபவம் இது.

அவர் ஊரைவிட்டுப் போனதற்கான காரணத்தை நகரத்தின் அரசியல் வரலாற்றில்தான் தேட வேண்டும். 1680 வரை ஹாலேயில் ஓர் அரசவை இருந்தது. அங்கே ஓபராவும் நடந்தது. அந்த ஆண்டு ஆட்சியாளர் அவுகுஸ்ட் இறந்ததும் நகரம் பிராண்டன்பர்கின் கைக்கு மாறியது. அரசவை வைஸன்ஃபெல்ஸுக்குப் பெயர்ந்தது. இசைஞர்களுக்குக் கிடைத்துவந்த ஆதரவும் அதோடு போயிற்று. 1694 இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும் அவுகுஸ்ட் ஹெர்மன் ஃப்ராங்கேயின் அனாதை இல்லமும் பள்ளிகளும் நகரத்துக்கு வேறொரு முகத்தைக் கொடுத்தன. கல்வி, இறைப்பற்று, ஒழுக்கம் ஆகியவையே அந்தப் புதிய நகரத்தின் அடையாளம். ஃப்ராங்கேயைப் பின்பற்றிய பக்தி இயக்கத்தார் நாடகத்தையும் கேளிக்கையையும் விரும்பாதவர்கள். ஹேண்டல் 1702 பிப்ரவரியில் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்தார். அடுத்த மாதம் டோம் தேவாலயத்தில் ஓராண்டுச் சோதனைக் காலத்துக்கு ஆர்கன் இசைஞராகச் சேர்ந்தார். ஓபராவை நாடிய இளைஞனுக்கு அதற்கு மேல் இந்த ஊரில் இடமில்லை. 1703 இல் அவர் ஓபரா அரங்கம் இருந்த ஹாம்பர்குக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதே 1703 இல் ஹாலேக்குப் படிக்க வந்த இன்னொரு மாணவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. டென்மார்க் மன்னர் அனுப்ப, அவர் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் எழுத்துகளை அச்சு வார்ப்புகளாக ஹாலேயில் செய்து தரங்கம்பாடிக்கு அனுப்பியதும், அவற்றைக் கொண்டு அங்கே தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானதும் தமிழ் வாசகர் அறிந்த செய்திகள். ஃப்ராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் உள்ளன. அந்த வளாகத்துப் பழைய அரங்கம் இப்போது ஹேண்டல் விழாக் கச்சேரிகளுக்கும் இடம் தருகிறது. நாடகத்தை ஒதுக்கிய வளாகமே பின்னாளில் ஓபரா இசையமைப்பாளரின் விழாவுக்குக் கதவு திறந்தது என்பதைப் பார்க்கும்போது, முந்நூறு ஆண்டுகளில் இந்த ஊரின் மனம் எவ்வளவு தூரம் மாறியிருக்கிறது என்பது தெரிகிறது.

ஊரைவிட்டுப் போனாலும் ஹேண்டல் உறவை அறுத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பியப் பயணங்களின்போது தாயைப் பார்க்க வந்துபோனார். 1719 இல் அவர் வந்திருப்பதை அறிந்து பாக் கோத்தனிலிருந்து ஹாலேக்குப் புறப்பட்டு வந்தார் என்றும், அதற்குள் ஹேண்டல் கிளம்பிவிட்டார் என்றும் பாக்கின் முதல் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. 1729 இல் பாக் தம் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமனை அனுப்பி அழைத்தும் சந்திப்பு நடக்கவில்லை. ஒரே ஆண்டில், ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில்லாத ஊர்களில் பிறந்த இருவரும் ஒருவரை ஒருவர் கடைசிவரை பார்க்கவே இல்லை. அந்த மகன் 1746 முதல் பதினெட்டு ஆண்டுகள் ஹாலேயின் சந்தைத் தேவாலயத்தில், சாஹோவின் பழைய பதவியில் இருந்தார்.

சிலையும் முதல் விழாவும்

ஹேண்டலை விழா நாயகராக முதலில் ஆக்கியது லண்டன். 1784 இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஏறத்தாழ 500 பேர் பாடியும் வாசித்தும் நடத்திய நினைவு விழாவும், பின்னர் கிரிஸ்டல் பேலஸில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடிய ஆரட்டோரியோ விழாக்களும் ஒரு குறிப்பிட்ட ஹேண்டலை உலகுக்குக் காட்டின: மதம், பேரரசு, பிரமாண்டம் ஆகியவற்றின் குரலான ஹேண்டல். அவருடைய 42 ஓபராக்களும் அந்தப் பிம்பத்துக்குப் பின்னால் மறைந்துபோயின. 1754 க்குப் பிறகு, ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர, அவை மேடை ஏறவில்லை.

ஹாலே தன் பங்குக்கு 1859 இல், அவர் இறந்த நூற்றாண்டு நிறைவில், சந்தைச் சதுக்கத்தில் அவருக்குச் சிலை வைத்தது. ஹெர்மன் ஹைடெல் வடித்த அந்த வெண்கலச் சிலைக்கு ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் நன்கொடை வந்தது. சிலையில் ஹேண்டல் லண்டன் கனவானின் உடையில் நிற்கிறார். பக்கத்து இசைப்பலகையில் இருப்பது அவருடைய புகழ்பெற்ற ஆரட்டோரியோ 'மெசையா'. அதாவது, ஹாலே தன் மகனை அன்று லண்டனின் கண்களால்தான் பார்த்தது.

இந்தப் பார்வை மாறத் தொடங்கியது ஹாலேயில் அல்ல, மேற்கே கோட்டிங்கனில். 1920 ஜூன் 26 அன்று அங்கே கலை வரலாற்று அறிஞர் ஆஸ்கர் ஹாகன் 'ரோடெலிண்டா'வை மேடையேற்றினார். அடுத்த ஆண்டு 'ஒட்டோனே', 1922 இல் 'ஜூலியோ செசாரே'. உலகப் போரில் தோற்றுப் பணவீக்கத்தில் தவித்த ஒரு நாட்டில், இருநூறு ஆண்டுப் பழமையான இத்தாலிய ஓபராக்களுக்கு மக்கள் திரண்டார்கள். சில ஆண்டுகளுக்குள் ஜெர்மன் மேடைகள் பலவற்றில் ஹேண்டல் ஒலித்தார். ஹாலே பின்தங்கி நிற்க விரும்பவில்லை. 1922 மே மாதக் கடைசியில் தன் முதல் ஹேண்டல் விழாவை நடத்தியது. மே 28 அன்று இசையியலாளர் ஹான்ஸ் யோவாகிம் மோஸர் திருத்தியமைத்த 'ஒர்லாண்டோ' அரங்கேறியது. நூற்றாண்டுக் கணக்கு தொடங்குவது இந்த விழாவிலிருந்துதான். ஆனால் அது ஆண்டு விழாவாக உடனே நிலைபெறவில்லை.

1935

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால் சொல்லாமல் விட முடியாது. ஹேண்டலின் 250 ஆவது பிறந்த ஆண்டான 1935 இல் ஹாலேயில் நடந்த கொண்டாட்டத்தை நாஜி அரசு தன் பிரசார மேடையாக்கிக்கொண்டது. கட்சியின் சித்தாந்தி ஆல்ஃப்ரெட் ரோஸன்பெர்க் அங்கே வந்து உரையாற்றினார். குடியுரிமை மாறி லண்டனில் வாழ்ந்த மனிதரை 'ஜெர்மானிய வீரம்' என்ற சட்டத்துக்குள் அடைப்பது அவர்களுக்கு ஒரு வேலையாகவே இருந்தது. அதைவிடப் பெரிய இடையூறு, அவருடைய ஆரட்டோரியோக்களில் பல யூதர்களின் வேத வரலாற்றைப் பாடுகின்றன என்பது. அந்த ஆண்டுகளில் ஜெர்மனியில் 'யூதாஸ் மக்கபேயுஸ்' டச்சு விடுதலைத் தலைவர் நாசாவ் வில்லியமின் கதையாகவும், 'எகிப்தில் இஸ்ரவேல்' மங்கோலியப் படையெடுப்பின் கதையாகவும் பாடல் வரிகள் மாற்றி எழுதப்பட்டன. இசையை வைத்துக்கொண்டு, அது யாருடைய துன்பத்தையும் விடுதலையையும் பாடியதோ அந்த மக்களின் பெயரை அழித்தார்கள். அதே ஆண்டுகளில் நாட்டுக்குள் அந்த மக்களையே அழிக்கும் வேலையும் தொடங்கியிருந்தது.

கிராஸ நிக்கோலாய் தெருவில் ஹேண்டல் பிறந்த வீட்டை நகராட்சி வாங்கியது 1937 இல். அந்தக் காலத்து அரசியலோடு இந்த முடிவைச் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றாலும், பின்னால் விழாவுக்கு ஒரு வீடு கிடைத்தது இந்த வாங்குதலால்தான். போருக்குப் பிறகு 1948 இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இன்று அங்கே சுமார் 700 பழைய இசைக்கருவிகள் கொண்ட தொகுப்பு இருக்கிறது. 'ஹேண்டல்: ஐரோப்பியர்' என்ற தலைப்பிலான நிலையான கண்காட்சி, அவர் இறந்த 250 ஆவது ஆண்டான 2009 இல் திறக்கப்பட்டது. 1935 இன் மேடைக்கு அந்த ஊர் தந்த நேரடியான பதில் என்று அந்தத் தலைப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஹாலே பாணி

ஆண்டுதோறும் நடக்கும் விழா 1952 இல் தொடங்கியது. நாடு இரண்டாகப் பிரிந்து, ஹாலே ஜெர்மன் ஜனநாயகக் குடியரசின் பகுதியாகியிருந்த காலம் அது. 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் சிதைந்த ஓபரா அரங்கம் 1951 இல் 'அமைதி அரங்கம்' என்ற பெயரில் மீண்டும் திறக்கப்பட்டிருந்தது. சுற்றுவட்டாரம் முழுக்க லாய்னா, ஷ்கோபாவ் போன்ற இரசாயன ஆலைகள். அரசு ஹேண்டலை மனிதநேயத்தின், மக்களின் இசையமைப்பாளராக முன்னிறுத்தியது. இதுவும் ஓர் அரசியல் பயன்பாடுதான். ஆனால் இதை 1935 உடன் ஒரே தராசில் வைப்பது நியாயமன்று. இம்முறை படைப்பின் உள்ளடக்கம் அழிக்கப்படவில்லை. மாறாக, மேடையில் உண்மையான கலைமுயற்சி ஒன்று நடந்தது.

நடத்துனர் ஹோர்ஸ்ட்-தானு மார்க்ராஃப், இயக்குனர் ஹைன்ஸ் ருக்கெர்ட், காட்சி அமைப்பாளர் ருடால்ஃப் ஹைன்ரிஷ் ஆகிய மூவரும் சேர்ந்து உருவாக்கியது 'ஹாலே பாணி' என்று பெயர் பெற்றது. அதுவரை ஹேண்டல் ஓபரா என்றால் பாடகர் முன்னால் வந்து நின்று பாடிவிட்டுப் போவது என்ற எண்ணம் இருந்தது. இவர்கள் அதை நாடகமாக நடத்தினார்கள். பாட்டு ஜெர்மன் மொழியில். பாத்திரங்களுக்குக் காரண காரியம் உண்டு. ஒவ்வொரு பாடலும் கதையில் ஒன்றைச் செய்தாக வேண்டும். போரஸ் மன்னனையும் அலெக்சாந்தரையும் பற்றிய 'போரோ'வை மார்க்ராஃப் ஜெர்மன் மொழியில் பதிவும் செய்தார். 1731 இல் லண்டனில் முதன்முறை மேடையேறிய இந்தியக் கதை அது. தலைநகரம் அல்லாத ஒரு தொழில் நகரத்தில், முன்பின் கேள்விப்படாத பரோக் (ஹேண்டல், பாக் காலத்து) ஓபராக்களுக்குத் தொடர்ந்து பார்வையாளர்களைப் பெற்றது இந்தப் பாணிதான். பிற்கால விமரிசகர்கள் இதை எளிதில் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. இசையில் அவர்கள் தவறியிருந்தாலும் நாடகத்தில் அவர்கள் சரியாகவே இருந்தார்கள்.

இசையில் என்ன தவறு என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு நெருங்கிப் பார்க்க வேண்டும். விழாவின் பிற்கால மாற்றம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. ஹேண்டலின் கதாநாயகர்களில் பெரும்பாலோர் காஸ்ட்ராட்டோ பாடகர்களுக்காக எழுதப்பட்டவர்கள். சிறுவயதில் ஆண்மை நீக்கப்பட்டதால் பெண்குரலின் உயரத்திலேயே, ஆனால் வளர்ந்த ஆணின் மூச்சு வலிமையோடு பாடியவர்கள் அவர்கள். அந்தப் பாடகர்கள் மறைந்துவிட்ட இருபதாம் நூற்றாண்டில் கோட்டிங்கனிலும் ஹாலேயிலும் கண்ட தீர்வு ஒன்றே: அந்தப் பாட்டை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி, பாரிடோன் போன்ற கனத்த ஆண்குரலிடம் கொடுப்பது. வீரனின் குரல் ஆழமாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இதனால் நிறைவேறியது.

1725 இல் எழுதப்பட்ட 'ரோடெலிண்டா'வில் பெர்ட்டாரிடோ என்ற மன்னன் இறந்துவிட்டதாக எல்லோரும் நம்புகிறார்கள். உயிரோடு திரும்பி வரும் அவன் தனக்கென்று எழுப்பிய கல்லறை முன் நின்று அதன் வாசகத்தைத் தானே படிக்கிறான். பின் 'தோவே செய்', எங்கே இருக்கிறாய் என்று மனைவியை நினைத்துப் பாடத் தொடங்குகிறான். வழக்கமாகப் பாடலுக்கு முன் வரும் வாத்திய முன்னிசை இங்கே இல்லை. குரல் நேரடியாக நுழைகிறது. செனெசினோ என்ற காஸ்ட்ராட்டோவுக்காக எழுதப்பட்ட அந்தக் குரல், வயலின்கள் உலவும் அதே உயரத்தில், அவற்றின் நடுவே எழ வேண்டும். ஒரு ஸ்தாயி இறக்கினால் குரல் செலோக்களின் பக்கம் போய்விடும். மேலே வயலின்கள் தனித்து நிற்கும். இரண்டாம் அங்கத்தின் இறுதியில் கணவனும் மனைவியும் பிரிவதற்கு முன் பாடும் 'இயோ தாப்ராச்சோ' என்ற இருகுரல் பாடலில் இழப்பு இன்னும் பெரிது. அங்கே இரண்டு குரல்களும் ஒன்றை ஒன்று ஒட்டி நடக்கின்றன. ஒன்று நிற்கும் ஸ்வரத்தின் மேல் மற்றது அடுத்த ஸ்வரத்தில் வந்து உரசி, பின் இறங்கி இணைகிறது. தழுவலும் பிரிவும் அந்த உரசலில்தான் இருக்கின்றன. ஒரு குரலை ஸ்தாயி இறக்கிவிட்டால் உரசும் ஸ்வரங்களுக்கு இடையே ஒரு ஸ்தாயி இடைவெளி விழுகிறது. ஸ்வரம் எதுவும் மாறுவதில்லை. ஆனால் அந்த வலி கேட்காமல் போய்விடுகிறது.

இதோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்தது. இந்தப் பாடல்கள் பெரும்பாலும் மூன்று பகுதிகளாக அமைபவை. முதல் பகுதி, அதற்கு மாறுபட்ட இரண்டாம் பகுதி, பின் பாடகர் தம் கற்பனையால் அணிசெய்து பாடும் முதல் பகுதி. கதை நகரவில்லை என்று கருதித் திரும்பி வரும் பகுதியை வெட்டிவிடுவது அன்று சாதாரணம். திரும்பி வரும்போதுதான் அந்தப் பாத்திரத்தின் மனம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது தெரியும். அதை வெட்டும்போது நாடகத்தின் பெயரால் நாடகமே குறைந்துபோகிறது.

எல்லைக்கு இருபுறமும் ஒரு பதிப்பு

இந்தத் தவறுகள் எப்படித் திருத்தப்பட்டன என்ற கேள்விக்கு விடை மேடையில் இல்லை, பதிப்பகத்தில் இருக்கிறது. 1955 இல் ஹாலேயில் கியோர்க் ஃப்ரீட்ரிஷ் ஹேண்டல் சங்கம் நிறுவப்பட்டது. அதே ஆண்டு அவருடைய படைப்புகள் அனைத்தையும் வெளியிடும் 'ஹாலே ஹேண்டல் பதிப்பு' தொடங்கியது. ஆய்வு ஆண்டுமலரும் மறுபடி வரத் தொடங்கியது. அதற்கு முன் இருந்த பெரும் பதிப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃப்ரீட்ரிஷ் கிரிஸாண்டர் என்ற தனிமனிதர் ஹாம்பர்கை ஒட்டிய பெர்கெடார்ஃபில் தம் சொந்த அச்சகத்தில் செய்து முடித்தது. அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

புதிய பதிப்பின் சூழலை எண்ணிப் பார்க்க வேண்டும். ஹேண்டலின் கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி லண்டனில் இருந்தது. அரச குடும்பத்துச் சேமிப்பாக இருந்த அதை 1957 இல் ராணி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவர் தம் நிகழ்ச்சிகளை நடத்தப் பயன்படுத்திய பிரதிகள், கிரிஸாண்டரின் முயற்சியால், ஹாம்பர்கில் இருந்தன. பதிப்பை அச்சிட்டவர்களில் ஒருவரான பேரன்ரைட்டர் நிறுவனம் மேற்கு ஜெர்மனியின் காஸல் நகரத்தில் இருந்தது. பதிப்பாசிரியர் குழுவின் மையமோ கிழக்கே, ஹாலேயில். 1961 இல் பெர்லினில் சுவர் எழும்பிய பிறகும் இந்த வேலை நிற்கவில்லை. இரண்டு அரசுகளும் பேச மறுத்த விஷயங்கள் பல இருந்த காலத்தில், ஹேண்டலின் இசையேடு எல்லையைக் கடந்து போய்வந்துகொண்டிருந்தது. விழாவின் வரலாற்றிலேயே நான் மிக உயர்வாக மதிக்கும் செயல் இதுதான்.

பதிப்பின் தொடக்க காலத் தொகுதிகள் நிகழ்த்துவோரின் வசதியை முதன்மையாகக் கருதின. மூலபாடத்தை ஒப்பிட்டுக் காட்டுவதில் போதிய கண்டிப்பு இல்லை என்று அறிஞர்கள் குறை சொன்னார்கள். பதிப்பாளர்கள் அந்தக் குறையை ஏற்றுக்கொண்டு நெறிமுறையை மாற்றினார்கள். ஹேண்டல் ஓர் ஓபராவை ஒவ்வொரு முறை மேடையேற்றும்போதும் கிடைக்கும் பாடகருக்கு ஏற்ப மாற்றியவர். எனவே எந்த ஆண்டில் எந்தப் பாடகருக்காக எந்தப் பாடல் என்பதைப் பிரித்துக் காட்டாத ஏடு, நிகழ்த்துவோருக்கும் உண்மையில் பயன்படாது. ஹாலே பல்கலைக்கழக இசையியலாளர் பெர்ண்ட் பாசெல்ட் 1978 முதல் 1986 வரை வெளியிட்ட படைப்புப் பட்டியல் இந்த வேலைக்கு முதுகெலும்பாயிற்று. இன்று உலகெங்கும் ஹேண்டல் படைப்புகளுக்கு இடப்படும் எச்.டபிள்யூ.வி. எண்கள் அந்தப் பட்டியலிலிருந்து வந்தவை. 'மெசையா' 56, 'ரோடெலிண்டா' 19. கச்சேரி அறிவிப்பில் அந்த எண்ணைப் பார்க்கும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, ஹாலேயில் நடந்த உழைப்பைப் பயன்படுத்துகிறார்கள்.

பாரிடோனாகத் தொடங்கியவர்

மேடை மெல்லத்தான் மாறியது. 1980களில் இயக்குனர் பீட்டர் கான்விச்னி ஹாலேயில் 'ஃப்ளோரிடான்தே'யையும் (1984), 'ரினால்டோ'வையும் (1987) பின்னர் 'தமெர்லானோ'வையும் (1990) மேடையேற்றியபோது, பழைய ஹாலே பாணியின் நாடக நேர்மை புதிய கூர்மையோடு வெளிப்பட்டது. அதே அரங்கத்தில் பாரிடோனாகச் சேர்ந்த ஆக்ஸெல் கோலர் அந்த ஆண்டுகளில் கவுண்டர்டெனராக மாறினார். ஆண் பாடகர் மேல் ஸ்தாயியில் பாடும் முறை அது. எழுதிய உயரத்திலேயே ஹேண்டலின் ஆண் பாத்திரங்களைப் பாடும் புதிய தலைமுறையில் அவர் ஒருவரானார். பிற்காலத்தில் அதே ஓபரா அரங்கத்தின் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார். பாரிடோனுக்கு ஸ்தாயி இறக்கிக் கொடுத்த அரங்கத்தில், ஒரு பாரிடோனே மேலே ஏறிப் போனார்.

1993 இல் அரங்க இசைக்குழு உறுப்பினர்களிலிருந்தே பரோக் காலக் கருவிகளை வாசிக்கும் ஹேண்டல் விழா இசைக்குழு தனியாக உருவானது. குடல் நரம்புக் கம்பிகள், பழைய வடிவ வில், தாழ்ந்த சுருதி ஆகியவற்றைப் புகழ்பெற்ற வெளியூர்க் குழுக்களிடமிருந்து விலைக்கு வாங்காமல், நகரத்துக் கலைஞர்களே மறுபடி கற்றுக்கொண்டார்கள். இதற்கு ஆன காலமும் பொறுமையும் விழா அறிக்கைகளில் தெரிவதில்லை. ஆண்டு முழுவதும் மொட்சார்ட்டும் வெர்டியும் வாசிக்கும் கை, வேறொரு வில்லோடு வேறொரு சுருதிக்கு மாறுவது எளிதன்று. ஆனால் ஒரு விழா ஊரில் வேரூன்றுவதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது விழாவையும் அருங்காட்சியகத்தையும் ஹேண்டல் வீட்டு அறக்கட்டளை நடத்துகிறது. ஓபரா அரங்கம் புதிய தயாரிப்பைத் தருகிறது. பல்கலைக்கழகமும் சங்கமும் ஆய்வரங்கை நடத்துகின்றன. சிலையருகே கூட்டம் கூடுகிறது. அவர் ஓராண்டு வேலை பார்த்த டோமில் கச்சேரி நடக்கிறது. 1970களில் அரங்கமாக மாற்றப்பட்ட உல்ரிஷ் தேவாலயமும் 1998 இல் திறக்கப்பட்ட ஹேண்டல் அரங்கமும் பெரிய நிகழ்ச்சிகளைத் தாங்குகின்றன. தென்மேற்கே உள்ள பாட் லாவ்ஷ்டெட் சிற்றூரில், கவிஞர் கோத்தேயின் மேற்பார்வையில் கட்டி 1802 இல் திறந்த மரத்தாலான நாடக அரங்கத்துக்கும் ஓபராக்கள் போகின்றன. அங்கே காட்சி மாறும்போது பக்கத் தட்டிகள் பார்வையாளரின் கண்ணெதிரே நகர்ந்து மறைவதைக் கண்டால், இந்த ஓபராக்கள் ஏன் அத்தனை விரைவாகச் சிறையிலிருந்து தோட்டத்துக்கும் தோட்டத்திலிருந்து போர்க்களத்துக்கும் தாவுகின்றன என்பது விளங்கும். கல்கென்பெர்க் பள்ளத்தாக்கில் புல்வெளியில் குடும்பம் குடும்பமாக மக்கள் அமரும் நிறைவுக் கச்சேரிக்கு வாணவேடிக்கையும் உண்டு. ஆய்வாளர்களில் சிலர் இதை வெறும் கேளிக்கை என்று கருதக்கூடும். லண்டன் கிரீன் பார்க்கில் 1749 இல் வாணவேடிக்கைக்கென்றே இசை எழுதிக் கொடுத்தவரின் விழாவில் அதற்கு முழு உரிமையோடு இடமுண்டு.

குறைகளும் உண்டு. கோட்டிங்கன், ஹாலே, 1970களிலிருந்து கார்ல்ஸ்ரூஹே என்று ஒரே நாட்டில் மூன்று ஹேண்டல் விழாக்கள் நடக்கின்றன. புகழ்பெற்ற பாடகர்கள் ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்குப் போகும்போது விழாக்களின் முகங்கள் ஒன்றுபோல ஆகிவிடும் அபாயம் இருக்கிறது. தெரிந்த சில ஓபராக்களே மீண்டும் மீண்டும் நுழைவுச்சீட்டுகளை விற்றுத்தருகின்றன. 2020 இல் பெருந்தொற்றால் விழா கைவிடப்பட்டபோது, வெளிநாட்டுப் பயணிகளையும் விருந்தினர் குழுக்களையும் நம்பியிருக்கும் பகுதி எவ்வளவு எளிதில் உடையக்கூடியது என்பது தெரிந்தது. 2022 இல் நூற்றாண்டைக் கொண்டாடியபோது ஹாலேயிடம் மற்ற ஊர்களிடம் ஒருசேர இல்லாத மூன்று இருந்தன: பதிப்பு, வீடு, சொந்த இசைக்குழு. என் பார்வையில், வெளியூர்ப் பெரும் பெயர்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஊர் இசைக்குழுவுக்கும் அதிகம் அறியப்படாத ஓபராக்களுக்கும் திருப்புவதே விழாவின் அடுத்த ஆண்டுகளுக்கு நல்லது.

அதற்கான தேவை பதிப்பிலேயே இருக்கிறது. 1738 இல் எழுதப்பட்ட 'செர்ஸே' ஓபராவின் தொடக்கப் பாடல், உலகெங்கும் 'லார்கோ' (மிக மெதுவாக) என்ற பெயரில் கல்யாண வீடுகளிலும் சாவு வீடுகளிலும் வாசிக்கப்படுவது. ஹேண்டல் அதற்குக் குறித்த வேகமோ அதைவிடச் சற்று விரைவான 'லார்கெட்டோ'. ஒரு மரத்தின் நிழலைப் புகழ்ந்து ஓர் அரசன் பாடும் அந்தப் பாடலுக்குரிய தொகுதி ஹாலே பதிப்பில் 1958 இல் வந்தது. பின்னர் புதிய நெறிமுறைப்படி டெரன்ஸ் பெஸ்ட் அதை மறுபடி பதிப்பித்தார். அந்தத் தொடக்க ஆண்டுகளில் வந்த தொகுதிகளை இவ்வாறு மீண்டும் மூலத்தோடு ஒப்பிடுவதும், ஒப்பிட்டதைச் சாலே ஆற்றங்கரை மேடையில் பாடிப் பார்ப்பதும் இந்த நகரத்தின் வேலையாக இருந்துவருகின்றன.